நோயாளியின் நக்கல்

‘ரத்தக் கண்ணீர்’ ஓடும் இடத்தில் சிரிப்பு ஒரே சீராக வருவதில்லை. சீமைக்குப் போய்வந்த மோகனசுந்தரமாக எம்.ஆர்.ராதா தாயையும் ஊரையும் சாமியையும் சடங்கையும் வாரு வாரென்று வாரும்வரை எல்லோரும் சேர்ந்துதான் சிரிக்கிறார்கள். சொத்து கரைந்து, தொழுநோயில் தோல் தடித்து, கை மடங்கி, கண்ணும் போன பிறகு அந்த ஆள் அடங்கியிருக்க வேண்டும். வேறு படமாக இருந்தால் தூணோரம் உட்கார்ந்து ஒரு சோகப் பாட்டோடு முடிந்திருப்பான். இங்கேயும் பாட்டு உண்டு, சி.எஸ்.ஜெயராமன் குரலில். அந்தப் பாட்டுக்கு நடுவிலும் புகுந்து பேசிக்கொண்டே இருக்கிறான். தன் உடம்பை, தன்னைத் துரத்திய காந்தாவை, காசு போடுகிறவனை, காசு போடாமல் புத்தி சொல்லிவிட்டுப் போகிறவனை, ஒருவர் பாக்கியில்லாமல் நக்கலடிக்கிறான். பார்க்கிறவர்களில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பக்கத்திலிருப்பவர் ‘சீ’ என்று முகத்தைத் திருப்புவார். பின்னால் யாரோ மூக்கைச் சிந்துவார்கள். மூன்றும் ஒரே வசனத்துக்கு நடக்கும்.

உடம்பு சிதைவதைக் கிட்டத்தில் காட்டிக் குமட்ட வைத்து, குமட்டலோடு சிரிக்கவும் வைக்கிற படங்களுக்கு இன்று உலகத்தில் தனிச் சந்தை இருக்கிறது. 1986இல் டேவிட் குரோனன்பர்க் எடுத்த ‘தி ஃப்ளை’ படத்தில் ஒரு விஞ்ஞானி கொஞ்சம் கொஞ்சமாக ஈயாக மாறுவான். உதிர்ந்த தன் உறுப்புகளை அலமாரியில் சேர்த்து வைத்து அதைப் பற்றி ஜோக்கும் அடிப்பான். 2024இல் கொராலி ஃபார்ஷா எடுத்த ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்துக்குக் கான் விழாவில் திரைக்கதை விருது கிடைத்தது, அடுத்த ஆண்டு ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. வயதாகிவிட்டதென்று டி.வி. நிலையம் கழற்றிவிட்ட நடிகை ஒரு ஊசி போட்டுக்கொள்வாள். அவள் முதுகைப் பிளந்துகொண்டு அவளுடைய இளவயது உடம்பு வெளியே வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பொங்கலுக்கு எங்கள் ஊரான காரிமங்கலத்துக்கு வந்தபோது அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். “பாதிப் படம் வாந்தி வருது மாமா, மீதிப் பாதி சிரிப்பு வருது. கூடப் பாத்த பசங்க பாதிப் பேர் எழுந்து போயிட்டானுங்க. ஒருத்தன் மட்டும் கை தட்டிக்கிட்டே இருந்தான்.” நம் ஊரில் இந்த மாதிரியெல்லாம் யாருக்கு எடுக்கத் தெரியும் என்பது அவன் முடிவு.

ராதாவை அவனுக்குத் தெரியும். கைப்பேசியில் அரை நிமிடத் துணுக்குகளாகத் தெரியும். ‘அடியே காந்தா’ என்று அவனும் பேசிக்காட்டுவான். பல குரல் போட்டி நடக்கிற எந்த மேடையிலும் அந்த இழுப்பும் இருமலும் இல்லாமல் இருக்காது. அந்தக் குரல் யாருடையது, அது என்ன நிலையில் இருக்கும் உடம்பிலிருந்து வருகிறது என்பது மட்டும் துணுக்குகளில் உதிர்ந்துவிட்டது.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய நாடகம் இது. 1940களின் கடைசியிலிருந்தே ராதா ஊர் ஊராக மேடையேற்றிக்கொண்டிருந்தார். 1952இல் ‘பராசக்தி’யைத் தந்த அதே நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் தயாரிக்க, அதே கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, 1954 அக்டோபரில் படமாக வெளிவந்தது. காந்தாவாக எம்.என்.ராஜம். மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனி. நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். ராதாவின் நாடகங்களுக்கு வந்த எதிர்ப்பு அந்த நாளிலேயே பிரசித்தம். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய கலவரத்துக்குப் பின் அதே 1954இல் சென்னை மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. ஒரு கலைஞனுக்குக் கிடைத்த கலவையான வரவேற்பு என்றால் இதுதான்: ஒரு பக்கம் நிரம்பி வழியும் கொட்டகை, இன்னொரு பக்கம் அவருக்காகவே ஒரு சட்டம்.

எங்கள் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சாக இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதனால் இந்தக் கதை இங்கே மூன்று வாய்களில் புழங்குகிறது. தெலுங்கில் நாகபூஷணம் இதே நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை போட்டு, நாடகத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் 2003இல் சாது கோகிலா இயக்கத்தில் உபேந்திரா நடித்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய ஆட்கள் காரிமங்கலம் டீக்கடையில் உட்கார்ந்து, ராதா பெரிசா உபேந்திரா பெரிசா என்று சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன். உபேந்திரா கட்சிக்காரர் கடைசியில் சொன்னார்: “ராதா பேசினா நமக்குப் பயமா இருக்கும். உப்பி பேசினா ஜாலியா இருக்கும்.” அவர் உபேந்திராவைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

பயமும் சிரிப்பும் கலக்கிற இந்த ருசி இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் ‘கலிங்கத்துப்பரணி’யை ஒருமுறை திறந்து பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாட வந்த செயங்கொண்டார், போர்க்களத்தை ராஜாவிடம் விடாமல் பேய்களிடம் விட்டுவிடுகிறார். பசியால் வற்றிய பேய்கள் பிணங்களுக்கு நடுவே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி, யானைத் தந்தம் உலக்கை. பரிமாறும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பந்தியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உபசாரம். படித்துக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் குமட்டியது, எந்த இடத்தில் சிரித்தோம் என்று கோடு போட முடியாது. இதை ஒரு பேரரசனுக்கான வெற்றிப் பாட்டு என்று அரசவை ஏற்றுக்கொண்டது என்றால், அந்தக் கால ரசிகர்களின் குடல் நம்முடையதைவிடத் திடமானது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காரிமங்கலத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் காவேரிப்பட்டணம். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டியவர்கள் ஆட்டுக் குடலை வாயில் கவ்விக்கொண்டு, நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டிக்கொண்டு வருவார்கள். குழந்தைகள் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்ளும். இரண்டு நிமிடத்தில் தலையை நீட்டி, வேஷக்காரர் பின்னாலேயே ஓடும். வேஷம் போட்டவர் டீக்கடையில் ஒதுங்கி மூச்சு வாங்கும்போது, சாயம் வழிந்த முகத்தோடு “சர்க்கரை கம்மியா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு அருள் வந்ததில் யாருக்கும் அதனால் சந்தேகம் வந்துவிடாது. தெருக்கூத்திலும் அப்படித்தான். அரவான் தன் உடம்பைத் தானே அரிந்து களப்பலி கொடுக்கிற ராத்திரியில்கூடக் கோமாளிக்கு வேலை உண்டு.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையும் இளிவரலையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. இளிவரலுக்கு, அதாவது அருவருப்புக்கு, அது சொல்லும் காரணங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சீழ், நாற்றம், புழு, பிணம் எதுவும் பட்டியலில் இல்லை. முதுமை, நோய், வருத்தம், எளியவனாகப் போவது. நாலும் நமக்கே நடக்கப்போகிறவை. நகையின் முதல் காரணமான எள்ளலை விளக்கும்போது உரைகாரரான பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: நாம் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை இகழும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய உரை இது. ஆனால் இந்த வகைப் படங்களைப் பார்க்க இதைவிட வசதியான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. கெட்டுப்போன உடம்பைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள், அந்த உடம்புக்குள் இருப்பவனா, வெளியே நிற்பவனா? என்னைப் பொறுத்தவரை படத்தின் தரமும் பார்வையாளர்கள் பிளவுபடுவதும் அதைப் பொறுத்தே இருக்கின்றன.

ஷங்கரின் ‘ஐ’ 2015 பொங்கலுக்கு வந்தது. தமிழில் ஒப்பனைக்காக மிகவும் மெனக்கெட்ட படங்களில் ஒன்று. நியூசிலாந்தின் வேட்டா நிறுவனத்தார் அதற்கு வேலை செய்தார்கள். வடசென்னை ஜிம் பையன் லிங்கேசன் விளம்பர மாடலாகிறான். பொறாமைப்பட்டவர்கள் அவன் உடம்பில் ஒரு வைரஸை ஏற்றுகிறார்கள். முடி கொட்டி, பல் விழுந்து, முகமெல்லாம் கட்டி எழும்பி, கூனனாகிறான். விக்ரம் அந்தப் பாத்திரத்துக்காக உடம்பை ஏற்றி இறக்கியதெல்லாம் ஊரறிந்தது. கண்ணாடி முன்னால் நின்று அவன் தன் முடியைத் தானே கையோடு எடுத்துப் பார்க்கிற பகுதி வரைக்கும் தருமபுரி தியேட்டரில் ஒரு சத்தமில்லை. பாப்கார்ன் பொட்டலம் பிரிக்கிற ஓசைகூட நின்றிருந்தது.

பழிவாங்கல் ஆரம்பித்ததும் படம் வேறு படமாகிவிட்டது. வில்லன்கள் யாரையும் அவன் கொல்லவில்லை. உடம்பைக் கெடுத்து உயிரோடு விடுகிறான். ஒருவருக்கு உடம்பெல்லாம் முடி முளைக்கிறது, ஒருவர் தேனீ கொட்டி ஊதிப்போகிறார், ஒருவர் தீயில் வெந்துபோகிறார். பிறகு சந்தானம் அவர்களைப் போய்ப் பார்த்துக் கேலி செய்கிறார். அரங்கம் அதிர்ந்தது என்பது உண்மை. விசிலடித்தவர்களும் உண்டு. முன்னால் இருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் உண்டு. அதற்கு முன் கூனனுக்காகத் தொண்டை அடைத்தவர்களிடம், அதே மாதிரிச் சிதைந்த வேறு உடம்புகளைக் காட்டி இப்போது சிரியுங்கள் என்றார்கள். சிரித்தார்கள். திருநங்கை ஒருவரை வில்லத்தனமும் ஏளனமும் கலந்து காட்டியதற்காகத் திருநங்கையர் அமைப்பினர் அந்த ஜனவரியிலேயே சென்னையில் போராட்டம் நடத்தினார்கள். ‘இதெல்லாம் காமெடிக்கு’ என்று பலர் பதில் சொன்னார்கள். காமெடிக்குத்தான், சந்தேகமில்லை. வெளியே நிற்கிறவனின் காமெடி.

ராதா செய்தது அதற்கு நேர் எதிர். அழகான உடம்போடு இருக்கும்வரை மோகனசுந்தரம் பிறரை எள்ளுகிறான். கொஞ்சம் எரிச்சலூட்டும் ஆள்தான். உடம்பு போன பிறகு எள்ளல் அப்படியே உள்பக்கம் திரும்புகிறது. அவனை யாரும் அதற்கு மேல் அவமானப்படுத்த முடியாது, ஏனென்றால் எல்லா அவமானத்தையும் அவனே முதலில் சொல்லிவிடுகிறான். இரக்கப்பட வாயெடுப்பவர்களுக்கு இடமே கொடுக்கமாட்டேன் என்கிறான். ஒரு வாக்கியத்துக்குள்ளேயே கட்டைக் குரலில் தொடங்கிக் கீச்சுக் குரலில் முடிக்கிற அந்த வித்தை, ஒரே உடம்பில் இரண்டு பேர் இருப்பதுபோல, ஒருவன் அழுகிக்கொண்டும் இன்னொருவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருப்பதுபோலக் கேட்கும். தமிழ்த் திரையில் நோயாளிக்கு இந்த அளவு பேச்சுரிமை கொடுத்த படம் இன்றுவரை வேறு இல்லை என்றே சொல்வேன்.

கொடுத்த கையோடு படம் அதைப் பிடுங்கியும் கொள்கிறது. கதையின் இரு முனையிலும் ஒரு சிலை நிற்கிறது: நோயோடு இருக்கும் மோகனசுந்தரத்தின் உருவம். அதைக் காட்டிப் பாலு ஊருக்கு உபதேசம் செய்கிறார். இப்படி வாழ்ந்தால் இப்படி ஆவாய். சாமியை, சடங்கை, முன்ஜென்ம வினையை எல்லாம் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு பகுத்தறிவு நாடகம், தொழுநோயை மட்டும் நடத்தைக்குக் கிடைத்த தண்டனையாகவே வைத்துக்கொண்டது. அந்த இடத்தில் தங்கராசுவும் ஊர்ப் பூசாரியும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள்.

தெரியாத காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். ராதா ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்த அதே 1940களில், செங்கல்பட்டு திருமணி மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர், மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார். சதை தானாக அழுகி உதிர்கிறது என்று உலகமே நம்பியதை அவர் நம்பவில்லை. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுட்டாலும் வெட்டினாலும் கையை இழுப்பதில்லை. புண் மேல் புண்ணாகி விரல் குறைகிறது. ராத்திரி தூங்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லாமல் போவது ஏன் என்று காவலிருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது, நோயாளி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். எந்தத் திகில் பட இயக்குநருக்கும் தோன்றாத காட்சி இது. முடிவில் பூனை வருவதால் நகைச்சுவையும் சேர்ந்துவிடுகிறது.

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. மாடு, ஆடு, நாட்டுக்கோழி, தேங்காய் என்று நெடுஞ்சாலை வரை கூட்டம் நெரியும். மாட்டுச் சந்தை ஓரத்தில் முன்பு ஒரு பெரியவர் மூக்கணாங்கயிறும் தாம்புக் கயிறும் விற்றுக்கொண்டிருப்பார். இரண்டு கையிலும் சேர்த்துப் பாதி விரல்கள்தான். கயிற்றை முழங்கையில் சுற்றி அளந்து, ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, மறு முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார். முடிச்சு அவிழ்ந்தது என்று யாரும் திரும்பி வந்ததாகக் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் தூரத்தில் நின்று ‘அடியே காந்தா’ என்று கத்துவார்கள். பெரியவர் தலையைத் தூக்காமல், அவர்களைவிடப் பிரமாதமாக, இருமலோடு சேர்த்து, ராதா குரலில் பதில் கொடுப்பார். பையன்களுக்கு அது எதிர்பாராத அடி. வாங்க நின்ற மாட்டுக்காரர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடமே கேட்டேன்.

“பாத்தேன். பாப்பாரப்பட்டில டென்ட்டுக் கொட்டாயில. அப்ப எனக்கு இது இல்ல. ஊரோட சேந்து நானுந்தான் சிரிச்சேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அப்புறம் வந்த பின்னாடியும் ஒருவாட்டி பாத்தேன். நல்லாத்தான் பேசுறான். ஆனா அந்தக் கத்துக் கத்துறானே, எனக்கு எங்க வலிச்சுது? வலிச்சிருந்தா வெரலு இருந்திருக்குமே.”

பால் பிராண்ட் பல வருஷம் உழைத்துக் கண்டதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கயிற்றை எடுத்தார்.

1983க்குப் பிறகு நாட்டில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. அட்டையில் அடுக்கிய மாத்திரை; மாதத்துக்கு ஓர் அட்டை; முதல் நாள் மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். அதிலிருக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுவார்கள். பெரியவரிடம் நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்: ஐயா, மூத்திரம் செவப்பாப் போவும், கண்ணுல தண்ணி வந்தாலும் செவப்பா வரும், பயப்படாதீங்க. “அப்ப ராதாவுக்கும் இதே மாத்திரையத்தான் குடுத்தாங்களாம்மான்னு கேட்டேன். ரத்தக் கண்ணீருன்னு பேரு வெச்சிருக்காங்களே. அந்தம்மா சிரிச்சது பாரு, மாத்திர டப்பாவே கீழ விழுந்திருச்சு.” நர்ஸ் சிரித்ததைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை மேடையில் கைதட்டு வாங்குகிறவர்களிடம்தான் பார்க்க முடியும்.

அட்டைகளை முடித்து அவர் குணமானார். விரல்கள் திரும்பவில்லை, அதனால் ஊர் அவர் குணமானதை நம்பவில்லை. கிருமி போன பிறகும் உருவம் போகாததுதான் இந்த நோயின் வம்பு. சட்டமும் உருவத்தைத்தான் பார்த்தது. வீடில்லாத தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. படம் வந்த மறுவருஷம், 1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டம், தீராத தொழுநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்தது. அது போனது 2019இல். 2005 முடிவிலேயே, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்கிற கணக்கில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை நீக்கிவிட்டதாக நாடு அறிவித்திருந்தது. அதன் பிறகும் பதினாலு வருஷம் அந்த வரி சட்டப் புத்தகத்தில் இருந்தது. சிலையை வைத்து உபதேசம் செய்கிற பாலுவுக்கு இருந்த ஆயுள் ராதாவின் நக்கலுக்கு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். ஊர் இரண்டையும் எடுத்துக்கொண்டது. நக்கலைப் பல குரல் மேடைக்கு அனுப்பிவிட்டது, பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டது.

காணும் பொங்கலன்று அருணேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போய்வந்த அலுப்பில் எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது அக்கா மகனிடம் டி.வி.யில் ‘ரத்தக் கண்ணீ’ரைப் போடச் சொன்னேன். பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர், படத்தின் முக்கால்வாசி வசனம் அவருக்கு மனப்பாடம். ராதா வாயைத் திறக்கும் முன்னாலேயே இவர் சொல்லிவிடுவார். சாமியைக் கிண்டல் செய்கிற இடங்களில் தொடையில் தட்டிக்கொண்டார்; நோய் வந்த பிறகு, “இதெல்லாம் கூட்டத்துக்காக வெச்சதுப்பா” என்று ஒதுக்கினார். அக்கா மகனுக்கு நேர் மாறாக இருந்தது. முதல் பாதியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவன் நோய் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். துணுக்குகளில் சிரித்த அதே வரிகளுக்கு இப்போது சிரிக்கவில்லை. “மேக்கப் இப்பப் பாத்தா ஒண்ணுமில்ல மாமா. ஆனா பேச்சுல இருக்கு எல்லாம்” என்றான். காந்தா விமான விபத்தில் சாகிற செய்தி வந்ததும் என் மனைவி, “அவளுக்கு மட்டும் பிளேன் விபத்து, இவருக்கு மட்டும் சிலை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காந்தாவாக நடித்தபோது ராஜத்துக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்த ஒரு வேஷத்துக்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவைக் கூலியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தை மட்டும் எதற்கும் சிரிக்கவில்லை, எதற்கும் முகத்தைத் திருப்பவுமில்லை. கடைசியில் மோகனசுந்தரம் தன் மனைவியையும் பாலுவையும் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிற இடம் வந்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “1954இல இதைச் சொல்றதுக்கு ஒரு நெஞ்சு வேணும்” என்றார். நெஞ்சு வேண்டும்தான். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் பேசுவதை அந்த நாளில் கொட்டகையில் பார்த்தவர்கள், நோயைப் பார்த்து அதிர்ந்ததைவிட இதற்கு அதிகம் அதிர்ந்திருப்பார்கள்.

“சொன்னான், சரி” என்றார் அத்தை. “அவளக் கேட்டானா?”

“ஏம்மா, நல்லதுக்குத்தான சொல்றான்.”

“நல்லதுக்குத்தாண்ணா. படம் பூரா அவன் வாயையே பாத்துனு இருந்தீங்க. அந்தப் பொண்ணு மொகத்த எவனாச்சும் பாத்தீங்களா? டேய், திருப்பிப் போடு அத.”

அக்கா மகன் காட்சியைப் பின்னால் ஓட்டினான். ராதா மறுபடியும் ஆரம்பித்தார், பெரியப்பாவும் கூடவே ஆரம்பித்தார். “சத்தத்த நிறுத்துடா, எனக்கு அவளப் பாக்கணும்” என்றார் அத்தை. அவன் ரிமோட்டை அமுக்கினான். ராதாவின் சத்தம் நின்றது. பெரியப்பா நிறுத்தவில்லை.